சிமெண்டுக் களத்தில் அடைத்த வாத்துகள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளை வரவேற்று நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ரிட்டயர் ஆனவளுக்கு வேறென்ன வேலை, எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கைவசம் இல்லை. ஊசி எப்படிப் போடுவது, வயிற்றை எப்படித் தட்டிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யார் பேச்சைக் கேட்பது, கேட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். கசந்தால் துப்பாமல் விழுங்குங்கள். தினமும் மாட்டின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றப் போகிறவர்கள்தானே நீங்கள்.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று படம் வரைந்து நடுநடுவே அம்புக்குறி போட்டிருப்பார்கள். நாமும் பரீட்சையில் அதே மாதிரி போட்டு மார்க் வாங்கினோம். அந்த அம்புக்குறி வழியாகச் சோறு மட்டும்தான் போகும் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷமும் அதே வழியில்தான் போகிறது என்பதைப் புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில், செலியமேட்டுப் பக்கம் ஒரு வயலில் பார்த்தேன்.

பறவைக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல் என்று டிவியில் கத்திக்கொண்டிருந்த சமயம். மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து வயல்கள் தாள் தாளாகக் கிடந்தன. அந்தச் சமயத்தில் நம் பக்கம் வாத்துக்காரர்கள் வருவார்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து, அறுத்த வயலில் மேய விடுவார்கள். உதிர்ந்த நெல், நத்தை, புழு, குட்டி நண்டு எல்லாவற்றையும் வாத்து பொறுக்கித் தின்னும். வயலுக்கு எரு கிடைக்கும். ராத்திரி வலை கட்டி அதே வயலில் அடைப்பார்கள். விடிந்ததும் பட்டியில் கிடக்கும் முட்டையில் ஒரு பங்கு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகும். காசு கிடையாது, எழுத்து கிடையாது. யார் ஆரம்பித்து வைத்த ஏற்பாடோ, யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

அப்படி வந்தவர்கள்தான் ஏழுமலையும் அவர் மனைவி அஞ்சலையும். விழுப்புரம் பக்கத்து ஆட்கள். அஞ்சலைக்கு என் கடைசித் தங்கையின் வயது இருக்கும். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவர்களைத் தன் வயலில் விட்டவர் தனகோடி. ஊரில் பெரிய பண்ணை. முட்டைப் பங்கு ஒருநாள் குறைந்தாலும் கணக்குக் கேட்கிறவர்.

ஒருநாள் காலையில் கால்நடை மருந்தகத்தைத் திறக்கும்போதே ஏழுமலையின் போன் வந்தது.

"டாக்டரம்மா, வாத்துங்கள்லாம் சுருண்டு சுருண்டு வுழுதும்மா. கழுத்து நிக்க மாட்டேங்குது. ஓடியாங்கம்மா!"

என் உதவியாளர் அந்தோணியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வயலில் இறங்கியதும் அந்தோணி, "ஐயோ, இன்னா மேடம் இது" என்று அப்படியே நின்றுவிட்டார். வாத்துகள் இறக்கையை விரித்துக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, கழுத்து துவண்டு கிடந்தன. சில இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. அஞ்சலை ஒரு வாத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் தலையைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை.

வில்லியனூரில் என் முதல் மேலதிகாரி ஒன்று சொல்வார்: "செத்ததப் பாக்க ஊர்ல எல்லாருக்கும் கண்ணு இருக்கும்மா. நீ அதச் சுத்தி இன்னா இருக்குன்னு பாரு." அவரிடம் நான் கற்ற உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். மத்தியானத்துக்கு மேல் அவரை ஆபீசில் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சுற்றிப் பார்த்தேன். செத்த வாத்தின் வாயில் உட்கார்ந்த ஈ எழுந்திருக்காமல் அங்கேயே செத்துக் கிடந்தது. வரப்பில் ஒரு மைனா மல்லாந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கொக்கு. நோய் வாத்தைக் கொல்லலாம், கொக்கையும் கொல்லலாம். ஈயைக் கொல்லுமா? ஒரு வாத்தை அறுத்துப் பார்த்தேன். இரைக்குழாய் நிறைய நண்டு. சற்று முன் தின்றது, ஓடுகூட உடையாமல் இருந்தது.

அறுத்த வயலுக்கு அடுத்த வயலும் தனகோடியுடையதுதான். அதில் அடுத்த போகத்துக்குப் புதிதாக நட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த வரப்பில் நண்டு வளைகள். குச்சியை விட்டுக் கிளறினேன். சோற்றில் குருணைப் பூச்சிமருந்தைப் பிசைந்து உருண்டை பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். நண்டு இளநாற்றை அறுக்கிறது, வரப்பை ஓட்டை போட்டுத் தண்ணீரை வடிக்கிறது என்று எல்லா ஊரிலும் செய்கிற வேலைதான். நண்டு அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வெளியே வந்து தள்ளாடும். தள்ளாடும் நண்டைப் பார்த்தால் வாத்து விடுமா?

அதற்குள் ஊர் கூடிவிட்டது. வரப்பில் இறங்காமல் ரோட்டில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள். "வாத்துக்காரன் காய்ச்சல கொண்டாந்துட்டான்" என்று யாரோ சொல்ல, அது ஊரைச் சுற்றி வருவதற்கு நேரமே ஆகவில்லை. தனகோடியும் வந்தார்.

"இன்னா டாக்டரம்மா, காய்ச்சல்தான? டிவியில இதேதான் காட்றான்."

"காய்ச்சல் இல்லீங்க. உங்க வரப்புல வச்ச நண்டு மருந்து."

"அட போங்கம்மா! வருசா வருசம் வக்கிறோம். ஒரு வாத்து செத்துதா? இது அவன் ஊருலேர்ந்து கொண்டாந்த நோயி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சரிங்க, நோயின்னே வச்சிக்குவோம். காலையில உங்க வூட்டுக்கு முட்டை போச்சே, சாப்ட்டாச்சா?"

மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் மனசுக்குள்.

மேலிடத்துக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

"விஷம் சார். மருந்துச் சோத்த வளையிலேர்ந்து எடுத்துட்டேன்."

"விஷம் இருந்தா நோயி இருக்கக் கூடாதுன்னு சட்டமாம்மா? ரெண்டும் இருந்தா?"

ஈ செத்தது, மைனா செத்தது என்று நான் நூறு சொல்லலாம். உள்ளே வைரஸ் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சாம்பிள் எடுத்து வெளிமாநிலத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பதில் வருகிறவரை வாத்துகள் நகரக் கூடாது.

"சார், நகரலேன்னா மறுபடி இதே வரப்புலதான் மேயும். விஷம் இங்கதான் இருக்குது."

"நகரக் கூடாதுன்னா நகரக் கூடாது மேடம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

பிள்ளைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். நோய் என்றால் நகர்த்தக் கூடாது. விஷம் என்றால் உடனே நகர்த்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, காத்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வாத்து விழுந்துகொண்டிருக்கும்.

வயலுக்குப் பக்கத்திலேயே தனகோடியின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. அது அவருடைய நிலத்துக்குள்தான் வரும். அங்கே கொண்டுபோனால் நகர்த்தினேன் என்றும் சொல்லலாம், நகர்த்தவில்லை என்றும் சொல்லலாம். மிச்சமிருந்த வாத்துகளை அங்கே ஓட்டச் சொன்னேன். போர்வெல் தண்ணீர் காட்டினோம். தள்ளாடிய வாத்துகளுக்குக் கையில் இருந்த ஊசி மருந்து தீரும்வரை போட்டோம். அந்தோணியும் நானும் வரப்பில் ஒவ்வொரு வளையாகக் கிளறி மருந்துச் சோற்றை எடுத்துப் புதைத்தோம். சாயங்காலத்துக்குள் சாவு நின்றது. பாதிக் கூட்டம் போய்விட்டது, பாதி பிழைத்தது. அன்றைக்கு எனக்கு ஒரு கர்வம் வந்தது, மறைக்கவில்லை.

ஏழுமலை வந்து நின்றார். "டாக்டரம்மா, நாங்க இப்பவே கெளம்பிடறோம். வாய்க்காலத் தாண்டினா தமிழ்நாடு. அந்தாண்ட எங்க மச்சான் ஊட்டாண்ட ஏரி இருக்குது. அதுல வுட்டுக்கறோம்." அஞ்சலை ஏற்கெனவே வலையைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள்.

வேண்டாம் என்றேன். எனக்கு விஷம்தான் என்று நிச்சயம். ஆனாலும் பத்தில் ஒரு பங்கு நோயாக இருந்துவிட்டால் அந்த ஏரி என்ன ஆவது, அந்த ஊர்க் கோழிகள் என்ன ஆவது? அது ஒன்று. இன்னொன்று, ஊர் ஏற்கெனவே படம் பிடித்து அனுப்பிவிட்டது. இப்போது கிளம்பினால் நோய் வாத்து தப்பி ஓடுகிறது என்று போகிற ஊரிலெல்லாம் கல்லால் அடிப்பார்கள். பதில் வந்துவிட்டால் தலை நிமிர்ந்து போகலாம். "ரெண்டு மூணு நாள்ல வந்துடும்பா. தீனிக்கு நான் வழி பண்றேன்" என்று சொன்னேன்.

அஞ்சலைக்கு மனசில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர், "டாக்டரம்மா சொல்றாங்க இல்ல, இரு" என்றார். வலையை மறுபடி விரித்தாள்.

தீனிக்கு வழி பண்ணுகிறேன் என்று சொன்னவள் நான். வழி எங்கே இருந்தது? ஆபீசில் கேட்டேன். "தமிழ்நாட்டு வாத்துக்கு நம்ம தீனியா மேடம்? எந்தத் தலைப்புல செலவு எழுதறது?" என்றார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆபீசில் கேட்டேன். வாத்து உங்கள் மண்ணில் அல்லவா இருக்கிறது என்றார்கள். எங்கள் வாத்து என்று யாருமே சொல்லவில்லை. திருக்கனூரில் என் தம்பி தவிட்டுக் கடை வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லி மூட்டை ஏற்றினேன். "மாட்டு டாக்டர்னு சொல்லிக்கினு வாத்துக்குச் சமைச்சுப் போடறியாக்கா" என்று கிண்டல் அடித்துக்கொண்டே அனுப்பினான். எத்தனை மூட்டை அனுப்புவான்? அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.

மேய்ச்சல் வாத்து வீட்டுக் கோழி மாதிரி இல்லை. போட்டதைத் தின்று முட்டை விடுகிற ஜாதி இல்லை அது. தண்ணீரில் அலகை விட்டுச் சேற்றைச் சலித்துத் தின்ன வேண்டும். வெயில் ஏறினால் களத்துச் சிமெண்டு தோசைக்கல்தான். பாதம் வெடித்தது. முட்டை நின்றது. கண்ணுக்கெதிரே நட்ட வயலில் தண்ணீர் பளபளவென்று நின்றது. வாத்துகள் நாள் முழுக்க அந்தப் பக்கமே பார்த்து, வலைக்கண்ணில் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம்.

ஊர்க் கடையில் அஞ்சலைக்குப் பால் தரவில்லை. தள்ளி நில்லு, காசைக் கீழே வை என்றார்களாம். என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "நாங்க இன்னாம்மா, குஷ்டமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கடைக்காரரின் நாய்க்கு அதே மாதத்தில் நான் ஊசி போட்டிருந்தேன். போய் நாலு வார்த்தை திட்டினேன். அதனால் பால் வந்ததா என்றால், இல்லை.

லேபுக்குப் போன் பண்ணிக்கொண்டே இருந்தேன். இன்று வரும், நாளை வரும் என்றார்கள். நாட்டில் எல்லா மூலையிலிருந்தும் சாம்பிள் குவிந்து கிடந்த சமயம். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கதையில் யாரையுமே தனியாகக் குறை சொல்ல முடியாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒருநாள் காலையில் தவிட்டு மூட்டையோடு நானும் அந்தோணியும் வந்துகொண்டிருந்தோம். ரோட்டிலிருந்தே தெரிந்தது, களம் காலியாக இருந்தது. வலையின் ஒரு முனை சாய்ந்து கிடந்தது. பசியில் முட்டி முட்டிச் சாய்த்திருக்கின்றன. ஒன்று இறங்கினால் கூட்டமே இறங்கும், அது வாத்தின் புத்தி. எல்லாம் நடு வரப்பில் பரவி ஆனந்தமாகச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா மேடம், தீனிய அதுங்களே தேடிக்கிச்சுங்க" என்று அந்தோணி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆபீசில் கேட்டால் என்ன சொல்வது என்று ஒருபக்கம் யோசித்தாலும், வரப்பை நாங்களே சுத்தம் பண்ணினோமே என்ற தைரியம் இருந்தது. அப்போதுதான் முன்னால் போன வாத்து கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தது.

நாங்கள் ஓடினோம். ஏழுமலை கையில் கோலோடு வயல் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். அஞ்சலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வா, வா, ஏய் வா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவள் குரலுக்கு எப்போதும் திரும்புகிற வாத்துகள் அன்றைக்குத் திரும்பவில்லை. அத்தனை நாள் பசி. என்னிடம் ஊசி மருந்தும் இல்லை. புதிதாகக் கேட்டு எழுதியது இன்னும் வந்து சேரவில்லை.

வளைகளில் புதுச் சோற்று உருண்டைகள் இருந்தன. நான் தனகோடி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கத்தினேன். என்ன பேசினேன் என்று இப்போது எழுத மாட்டேன்.

அவர் பதறவில்லை. "எதுக்குமா கத்தற? வாத்துதான் களத்துல அடைஞ்சி கெடக்குதே, இப்ப வச்சா ஒண்ணும் ஆவாதுன்னுதான் வச்சேன். நாத்து முக்காவாசிய நண்டு அறுத்துப் போட்டுடுச்சு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு! அவன் வாத்து எதுக்கு வெளிய வந்துது? நகரக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

நகரக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அதில் பொய்யில்லை. மறுபடி செத்ததை மேலிடத்துக்குப் போனில் சொன்னேன். "பாத்தீங்களாம்மா, மறுபடியும் சாவு. நோயாத்தான் இருக்கும், அன்னிக்கே சொன்னேன்" என்றார் அவர். விஷம் வைத்தவருக்கு அது நல்லதாகப் போயிற்று. அவரும் ஊர் முழுக்க அதையே சொன்னார்.

அதற்கப்புறம்தான் லேபிலிருந்து பதில் வந்தது. நோய் இல்லை. வாத்துகளை நகர்த்தலாம்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்றும் புரியாதபோது "நகராதே, அப்படியே இரு" என்று சொல்வது நம் உத்தியோகத்தில் ரொம்பச் சுலபம். யாரும் நம்மைக் கேள்வி கேட்க மாட்டார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஒரு உயிரை அதன் இரையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பிரித்து நிறுத்தினீர்களென்றால், அந்த நிமிஷத்திலிருந்து அதற்கு வயலும் நீங்கள்தான், ஏரியும் நீங்கள்தான். ஏரியாக இருக்க உங்களால் முடியுமா என்று முதலில் உங்கள் ஆபீசைக் கேளுங்கள். முடியாது என்றால் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், தீனி மூட்டை வந்து இறங்கும்வரை மேலிடத்து வாசலைவிட்டு எழுந்திருக்காதீர்கள். என் தம்பி கடைத் தவிட்டை நம்பின மாதிரி யாரையும் நம்பாதீர்கள்.

பதில் வந்த அன்றே களத்துக்குப் போனேன். ஏழுமலை ஒரு மூங்கில் கூடையில் மிச்சமிருந்த வாத்துகளை வைத்து மேலே துணி கட்டிக்கொண்டிருந்தார். ஒரே கூடைதான். அஞ்சலை வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. நோயி இல்ல. இனிமே எங்க வேணா போவலாம்" என்றேன். சொல்லும்போதே என் வாய் எனக்குக் கூசியது.

ஏழுமலை தலையை ஆட்டினார். "சரிங்கம்மா. நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்."

அஞ்சலை தலையைத் தூக்கவில்லை. "நீ கெட்டவளா இருந்திருந்தா அன்னிக்கே வாய்க்காலத் தாண்டிப் போயிருப்போம்மா. உன் மொகத்தப் பாத்துத்தான் இந்த ஆளு தங்கினான்" என்றாள்.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வலையின் இன்னொரு முனையைப் பிடித்து மடிக்கக் குனிந்தேன். அவள் வந்து என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, தானே மடித்தாள்.